கொடுத்தது கொடையா, கடனா?

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு மத்திய அரசு ஒதுக்கிய 817.80 கோடி ரூபாய், ஓர் ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வியில் ஆண்டுக்கணக்கில் சிக்கிக் கிடந்தது.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் கிடக்கும் விழிஞ்ஞத்தில் 2025 மே 2 அன்று பிரதமர் நரேந்திர மோடி புதிய துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். மேடையில் கேரள முதல்வர் பினராயி விஜயனும் இருந்தார். பூரிப்புக்குக் காரணம் இருந்தது. கரையருகிலேயே 18 முதல் 20 மீட்டர் இயற்கை ஆழம். சர்வதேசக் கப்பல் பாதையிலிருந்து 10 கடல் மைல் தொலைவு. கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இறக்கி ஏற்றப்பட்ட இந்தியச் சரக்குப் பெட்டிகள் இனி இங்கேயே கப்பல் மாறலாம்.

விழாவுக்கு மூன்று வாரம் முன்புதான், ஏப்ரல் 9 அன்று, ஒரு பழைய வழக்கு முடிந்திருந்தது. நீதிமன்றத்துக்குப் போன வழக்கல்ல, கடிதங்களிலேயே நடந்தது. திட்டத்துக்கு மத்திய அரசு அளிக்கும் 817.80 கோடி ரூபாயை கேரளம் திருப்பித் தர வேண்டுமா, வேண்டாமா என்பதே சிக்கல். பணத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் ‘கிராண்ட்’. கொடு என்று பொருள்படும் ‘கிவ்’ என்ற வினைச்சொல் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தால் ‘கிராண்ட்’ ஆகிவிடும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எப்படி என்றது கேரளம். திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டதால்தானே கொடுக்கிறோம் என்றது டெல்லி.

முதலில் பணத்தின் கதை. பெரிய கட்டுமானத் திட்டங்கள் சில நாட்டுக்கு நல்லவை, முதலாளிக்கு நஷ்டம். சாலையும் துறைமுகமும் ஊரை வளர்க்கும். போட்ட முதலோ எளிதில் திரும்பாது. அந்தப் பள்ளத்தை அரசுப் பணத்தால் நிரப்பினால்தான் தனியார் உள்ளே வருவார்கள். இதற்கான மத்திய அரசுத் திட்டத்துக்கு ‘வயபிலிட்டி கேப் ஃபண்டிங்’ என்று பெயர். தமிழில் இதை ‘சாத்தியக்கூறு இடைவெளி நிதி’ என்றும் ‘நம்பகத்தன்மை இடைவெளி நிதி’ என்றும் பெயர்க்கிறார்கள். இரண்டையும் படித்துப் பொருள் புரிந்துகொள்பவர் ஏற்கெனவே ஆங்கிலம் தெரிந்தவராக இருக்க வேண்டும். ‘பற்றாக்குறைக்கு ஈடு’ என்றால் போதும்.

விழிஞ்ஞத்தில் அந்தப் பற்றாக்குறை 1,635 கோடி ரூபாய் என்று கணக்கானது. ஏலத்தில் விலை குறித்த ஒரே நிறுவனமான அதானி கேட்ட தொகை அது. மத்திய அரசின் பங்கு 817.80 கோடி, மாநிலத்தின் பங்கு 817.20 கோடி. 2015 ஆகஸ்ட் 17 அன்று, உம்மன் சாண்டி முதல்வராக இருந்தபோது, ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பர் 5 அன்று பணி தொடங்கியது. 40 ஆண்டுக்கு உரிமை. வழக்கமாக 30 ஆண்டுதானே, கூடுதல் 10 ஆண்டில் நிறுவனத்துக்கு 29,217 கோடி ரூபாய் கூடுதல் வருமானம் போகுமே என்று 2017இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை கேட்டது தனிக்கதை.

மத்திய அரசின் பங்குக்கு ஒரு வால் இருந்தது. துறைமுக வருமானத்தில் மாநிலத்துக்குப் பங்கு வரத் தொடங்கியதும் அந்தத் தொகையை ‘நிகர இன்றைய மதிப்பு’ என்ற கணக்கில் மாநிலம் திருப்பித் தர வேண்டும். இன்றைக்கு 100 ரூபாய் என்பது 30 ஆண்டு கழித்து 100 ரூபாய் அல்ல என்பதுதான் இந்தக் கணக்கின் சாரம். ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்தால் அது 1,327 ரூபாய். அதே விகிதத்தில் 817.80 கோடி ஏறத்தாழ 10,850 கோடி ஆகிவிடும். வட்டி விகிதமும் வருமானம் வரும் காலமும் எப்படி அமையும் என்பதைப் பொறுத்து 10,000 முதல் 12,000 கோடி வரை திருப்பித் தர நேரும் என்று கேரளம் கணக்குக் காட்டியது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்கும், 2024 இறுதியில் பிரதமருக்கும் பினராயி விஜயன் எழுதிய கடிதங்களின் சாரம் இதுதான்: இந்தத் திட்டத்தின் பணம் கொடை, கடனல்ல. தூத்துக்குடி வெளித்துறைமுகத்துக்கு 1,411 கோடி ரூபாய் இதே வகையில் தரும்போது இந்த நிபந்தனை இல்லையே, எங்களுக்கு மட்டும் ஏன்?

தூத்துக்குடி மத்திய அரசின் சொந்தப் பெருந்துறைமுகம், விழிஞ்ஞம் மாநிலத்துடையது என்பது எதிர்வாதம். வலது சட்டைப்பையிலிருந்து இடது சட்டைப்பைக்கு மாற்றும்போது யாரும் கடன் பத்திரம் எழுதுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் பை என்றால் விஷயம் வேறு. தவிர, நிபந்தனை புதிதல்ல, தொடக்கத்திலேயே இருந்தது என்றது டெல்லி. இரண்டு தரப்பும் ஒரே சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பொருள் சொன்னார்கள் என்பதுதான் சுவாரசியம். அகராதி இருவரில் யார் பக்கம்?

அகராதி கொஞ்சம் சங்கடமான சாட்சி. ‘கிவ்’ பழைய ஜெர்மானியச் சொல். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ‘யிவ்’ என்பதுபோல் யகர ஒலியோடு வழங்கியது. கடல்வழி வந்து கொள்ளையடித்துக் குடியேறிய வடநாட்டார் பேச்சின் தாக்கத்தால்தான் அதற்கு இன்றைய ககர ஒலி வந்தது என்பது மொழி வரலாற்றாசிரியர்கள் முடிவு. கொள்ளையர் கொடுத்த ‘கொடு’ என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஜெர்மன் மொழியில் இதே வேரிலிருந்து வந்த ‘கிஃப்ட்’ என்ற சொல்லுக்கு இன்று நஞ்சு என்று பொருள். கொடை என்பது பெறுபவனைக் கட்டிப்போடும் கயிறு, திருப்பித் தராத வரை அவிழாது என்று நூறாண்டுக்கு முன் விரிவாக எழுதிய பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் இந்த நஞ்சுச் செய்தியையும் கவனித்தவர்.

‘கிராண்ட்’ இன்னும் மோசம். அது பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல். மூலவேர் ‘க்ரேதெரே’: நம்பு, நம்பி ஒப்படை. இதே வேரிலிருந்து பிறந்த இன்னொரு சொல்லை நாம் எல்லோரும் தினமும் பயன்படுத்துகிறோம்: ‘கிரெடிட்’. கொடையும் கடனும் ஆங்கிலத்தில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நார்த் பிளாக்கில் யாரும் இதைப் பார்த்துவிட்டு நிபந்தனை எழுதியிருக்க மாட்டார்கள், எழுதியிருந்தாலும் தப்பில்லை.

சொற்பிறப்பை வைத்து வழக்காட முடியாது என்பது உண்மைதான். வேர் எங்கே இருந்தால் என்ன, வழக்கில் இன்று என்ன பொருள் என்பதே செல்லும். அங்கும் ‘கிராண்ட்’ நழுவுகிறது. இதே துறைமுகத்துக்கு 2014 ஜனவரி 3 அன்று சுற்றுச்சூழல் அனுமதி ‘கிராண்ட்’ செய்யப்பட்டது. அனுமதியை யாரும் வட்டியோடு திருப்பித் தருவதில்லை. ஒத்துக்கொள்வதற்கும் ஆங்கிலத்தில் இதுவே சொல். அதன் செயப்பாட்டு வடிவத்தை வைத்து நம் ஊர் இளைஞர்கள் ‘டேக்கன் ஃபார் கிரான்டட்’ என்கிறார்களே, அதற்குக் கிள்ளுக்கீரை என்ற அழகான சொல் நம்மிடம் இருந்தும் யாரும் கிள்ளுவதில்லை.

தமிழில் நிலைமை தெளிவா என்றால், அதுவும் இல்லை. ‘கிராண்ட்’ என்றாலும் மானியம், ‘சப்சிடி’ என்றாலும் மானியம். அரிசிக்கும் மானியம், பல்கலைக்கழகத்துக்கும் மானியம், உள்ளாட்சிக்கும் மானியம். ஒரு காலத்தில் மானியம் என்றால் வரியில்லாமல் அனுபவிக்க விட்ட நிலம். கோயில் பூசாரியும் கிராமத்து வெட்டியானும் அவரவர் ஊழியத்துக்காக அனுபவித்தது. அதாவது வேலை செய்யும் வரைதான் நிலம். அங்கும் நிபந்தனையில்லாத கொடை கிடையாது.

ஆனால் ‘கொடு’ என்ற வினையைப் பொறுத்தவரை தமிழ் இலக்கணக்காரர்கள் ஆங்கிலத்தைவிடப் பல நூற்றாண்டு முந்திக்கொண்டார்கள். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இதைப் பற்றி இரண்டு இடத்தில் பேசுகிறது. முதல் இடம் திசை பற்றியது. வருதல், தருதல் என்ற இரண்டும் பேசுபவனையும் கேட்பவனையும் நோக்கி நடப்பவை. செல்லுதல், கொடுத்தல் என்ற இரண்டும் மூன்றாமவனை நோக்கிப் போவன. எனக்குத் தா, உனக்குத் தருகிறேன், அவனுக்குக் கொடு. ‘கிவ்’ என்ற ஒற்றைச் சொல் இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

இரண்டாம் இடம் இன்னும் கூர்மையானது. ஒருவரிடம் ஒரு பொருளைக் கேட்கும்போது பயன்படும் சொற்கள் மூன்று: ஈ, தா, கொடு. தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவன் ‘ஈ’ என்பான். சமமானவன் ‘தா’ என்பான். தாழ்ந்தவரிடம் கேட்கும் உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். நன்னூலும் இதையே வழிமொழிகிறது. கொடு என்பது மூன்றாமவருக்கு உரிய சொல்லாயிற்றே, தனக்குக் கேட்கும்போது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியையும் தொல்காப்பியர் விடவில்லை. உயர்ந்தவன் தன்னையே வேறு யாரோபோல் பாவித்துப் பேசுகிறான் என்று விளக்கம் தருகிறார். கை நீட்டுவது தான் என்று காட்டிக்கொள்ள விரும்பாத பெரிய மனிதர்களை அவர் நன்றாகவே கவனித்திருக்கிறார்.

இன்றைய தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு தேய்ந்துவிட்டது. சென்னையில் ‘எனக்குக் கொடு’ என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் குமரி, நெல்லைப் பக்கங்களிலும் ‘தா’ இன்னும் உயிரோடு இருக்கிறது. பழைய விதியை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றி வருவது மலையாளம். அங்கே எனக்கும் உனக்கும் ‘தருக’, அவனுக்கும் அவர்களுக்கும் ‘கொடுக்குக’. பள்ளிக்கூடம் பார்க்காத குழந்தையும் இதில் தவறுவதில்லை. பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் போன தமிழர் ‘எனிக்கு கொடுக்கு’ என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் ஏன் சிரிக்கிறார் என்று புரியாமல் நிற்பது உண்டு.

ஆகவே விழிஞ்ஞம் விவகாரத்தை ஒரு மலையாளி ஆங்கிலத்தில் சொன்னால் இரண்டு முறையும் ‘கிவ்’ வரும். தன் மொழியில் சொல்ல வேண்டுமானால் சொல்லை மாற்றியே தீர வேண்டும்: கேந்திரம் தூத்துக்குடிக்கு ‘கொடுத்து’, நமுக்கு ‘தந்நில்ல’. அவர்களுக்குக் கொடுத்தார்கள், நமக்குத் தரவில்லை. டெல்லி எழுதும் ஆங்கிலக் கடிதத்தில் இல்லாத ஒரு வேலி இந்த வாக்கியத்தில் தானாகவே எழும்பிவிடுகிறது. கேரள அரசியல்வாதிகளுக்கு இலக்கணமே பாதிப் பிரசாரம் செய்து கொடுக்கிறது.

டெல்லியிடம் ஒரு மாநிலம் எந்தச் சொல்லில் கேட்க வேண்டும்? அரசியல் சட்டத்தின் 275ஆம் பிரிவு மாநிலங்களுக்கான உதவி மானியத்தைப் பேசுகிறது. 282ஆம் பிரிவு எந்தப் பொதுக் காரியத்துக்கும் மானியம் அளிக்க வழி செய்கிறது. சட்டத்தின் பார்வையில் கூட்டாட்சியின் உறுப்பினர்கள் ‘தா’ என்று கேட்கலாம். நடைமுறையில் முதல்வர்களின் கடிதங்கள் ‘ஈ’ என்ற தொனியில்தான் முடிகின்றன. கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லா மாநிலத் தலைநகரங்களிலும் இதே கதை.

இலக்கணம் இன்னொரு கேள்வியையும் கேட்கிறது. கொடு என்றால் கொடுப்பவர், கொடுக்கும் பொருள், பெறுபவர் என்று மூவர் வேண்டும். பெறுபவரைச் சுட்டுவது நான்காம் வேற்றுமை, அதாவது ‘கு’. நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும் நன்னூல் கொடையைத்தான் முதலில் வைக்கிறது. விழிஞ்ஞம் கணக்கில் அந்த ‘கு’ யார்? பணம் போய்ச் சேர்வது துறைமுகத்தைக் கட்டும் அதானி நிறுவனத்துக்கு. திருப்பித் தரும் பொறுப்பு கேரள அரசுக்கு. வாங்கியவன் ஒருவன், கடனாளி வேறொருவன். கேரளத்தின் வாதங்களிலேயே வலுவானது இதுதான். தூத்துக்குடி ஒப்பீட்டின் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. நிறுவனம் தரும் வருமானப் பங்கிலிருந்துதானே மாநிலம் தரப்போகிறது என்று பதில் சொல்லலாம். அந்தப் பங்கு தன் நிலத்துக்கும் கடலுக்கும் தான் செலவழித்ததற்கும் கூலி என்று மாநிலம் திருப்பிக் கேட்கலாம்.

செயப்பாட்டு வினை இந்த ‘யாருக்கு’ என்ற கேள்வியை மூடி மறைப்பதில் கெட்டிக்காரன். ஆங்கிலத்தில் ‘கிவன்’, ‘கிரான்டட்’ என்று வந்தால் கொடுத்தவர் மறைவார். தமிழில் அதை ‘வழங்கப்பட்டது’ என்று பெயர்த்தால் சில நேரம் வாங்கியவரும் சேர்ந்து மறைகிறார். மொழிபெயர்ப்பாளர்கள் இந்தப் ‘பட்டது’ வைத்து முடிக்கும் ஒவ்வொரு வாக்கியத்திலும் யாராவது ஒருவர் தப்பித்துப் போகிறார். ‘மத்திய அரசு அதானி நிறுவனத்துக்குக் கொடுக்கிறது, கேரளம் மத்திய அரசுக்குத் திருப்பிக் கொடுக்கிறது’ என்று எழுதியிருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது. எழுவாயை எழுதத் துணிச்சல் வேண்டும்.

இந்த மண்ணுக்குக் கொடை ஆவணங்கள் புதிதல்ல. விழிஞம் ஆய் வேளிரின் துறைமுகமாகவும் கோட்டையாகவும் இருந்த ஊர். பாண்டியன் நெடுஞ்சடையன் அதைத் தாக்கி வென்ற செய்தி அவனுடைய ஸ்ரீவரமங்கலச் செப்பேட்டில் இருக்கிறது. அந்தச் செப்பேடே ஒரு கொடைப் பத்திரம்தான். வேலங்குடி என்ற ஊரை ஸ்ரீவரமங்கலம் என்று பெயர் மாற்றி ஒரு அந்தணருக்குக் கொடுத்த பத்திரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் வெளியிட்ட செப்பேடு இன்னும் சுவையானது. முஞ்சிறைச் சபையிடமிருந்து நிலத்துக்கு மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கி, அங்கே ஒரு விண்ணகரம் எடுத்து, 95 மாணவர்களுக்கு ஒரு சாலை அமைத்தான். அந்தப் பார்த்திவசேகரபுரம் இன்று குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரம். அரசனே ஆனாலும் சபையின் நிலத்தைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை, ஈடு கொடுத்துத்தான் பெற்றான் என்பதைச் செப்பேடு மறக்காமல் சொல்கிறது. வாங்கியது வேறு, கொடுத்தது வேறு என்று பிரித்து எழுதும் பழக்கம் அப்போதே இருந்தது.

அந்தக் காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் கொடைக்கு ஒரு சடங்கு உண்டு. கொடுப்பவர் நீர் வார்ப்பார். ‘அட்டிக் கொடுத்தேன்’ என்ற தொடரில் உள்ள அட்டுதல், வார்த்தல்தான். வார்த்த நீரை அள்ள முடியாது. சந்திர சூரியர் உள்ளவரை என்று காலமும் குறிப்பார்கள். நிகர இன்றைய மதிப்பு கணக்கிட அந்தக் காலவரையறை உதவாது.

டெல்லியின் 817.80 கோடிக்குப் பொருத்தமான தமிழ்ச் சொல்லைக் கொடை, தானம், ஈகை என்ற பக்கத்தில் தேடினால் கிடைக்காது. வேறு இடத்தில் இருக்கிறது. கல்யாண வீட்டு வாசலில் நோட்டும் பேனாவுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அங்கே. மொய் கடன் அல்ல. பத்திரமில்லை, வட்டியில்லை, கேட்டு வாங்குவதும் மரியாதையில்லை. மொய் கொடையும் அல்ல. நோட்டில் பெயரும் தொகையும் ஏறிவிட்டால், அவர் வீட்டு விசேஷத்தில் அதற்குக் குறையாமல் செய்தாக வேண்டும். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் ஆலங்குடி, கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் கல்யாணம் காதுகுத்து இல்லாமலே மொய் விருந்து வைத்து, ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு, லட்சக்கணக்கில் வசூலிப்பது ஊரறிந்த முறை. வந்த பணத்தில் கடை வைப்பார்கள், கிணறு வெட்டுவார்கள். பிறகு அடுத்தவர் வைக்கும் விருந்துகளுக்குப் போய், வாங்கிய மொய்யையும் செய்து புது மொய்யும் எழுதுவார்கள். புது மொய்தான் அங்கே வட்டி.

ஆனால் ஒரு வித்தியாசம். மொய் நோட்டில் எழுதும்போதே இது திரும்ப வேண்டிய பணம் என்று பந்தலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு யாரும் ‘நன்கொடை’ என்று பெயர் வைப்பதில்லை.

பணத்துக்காக நடந்த இந்தச் சொற்போரில் அதிகம் பேசப்படாமல் போன ஒரு தரப்பு உண்டு. விழிஞ்ஞத்திலும் அதற்கு வடக்கே கோவளம், பூந்துறை, வலியதுறை வரையிலும் கடலை நம்பி வாழும் மீனவர்கள். 2022 ஆகஸ்டில் லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையில் அவர்கள் துறைமுக வாயிலை முற்றுகையிட்டார்கள். துறைமுகப் பணியால் கரை அரிக்கிறது, வீடுகள் கடலுக்குள் போகின்றன, பணியை நிறுத்தி ஆய்வு நடத்துங்கள் என்பது கோரிக்கை. அரிப்புக்குத் துறைமுகம் காரணமல்ல என்று அரசும் நிறுவனமும் சொல்லி வந்தன. நவம்பர் 27 அன்று விழிஞ்ஞம் காவல் நிலையம் தாக்கப்படும் அளவுக்கு நிலைமை முற்றியது. டிசம்பர் 6 அன்று போராட்டம் முடிவுக்கு வந்தது. வீடிழந்து கிடங்குகளில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு மாதம் 5,500 ரூபாய் வாடகை என்று தீர்மானமானது.

இங்கே ‘கிவ்’ வேறு உருவம் எடுக்கிறது. வளர்ச்சிக்காகச் சிலர் எதையாவது ‘கிவ் அப்’ செய்ய வேண்டும் என்பார்கள் ஆங்கிலத்தில். விட்டுக்கொடுத்தல் என்று அதைப் பெயர்ப்பது வழக்கம். விட்டுக்கொடுக்க மனம் வேண்டும், அது கொடுப்பவரின் விருப்பம். தமிழில் இன்னொரு கொடுத்தலும் இருக்கிறது. பறிகொடுத்தல். பறிப்பவன் செயலையும் இழப்பவன் பெயரிலேயே எழுதும் விசித்திரமான வினை. பெற்றவன் இருக்கிறான், பொருள் இருக்கிறது, கொடுத்தவன் மட்டும் கொடுக்கவில்லை. கிடங்கில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் கரையை விட்டுக்கொடுத்தார்களா, பறிகொடுத்தார்களா என்று கேட்டால் அவர்கள் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை.

அவர்களுக்குக் கொடுத்ததற்கும் பல பெயர். கரமடி இழுப்பவர்களுக்கும் பாறையில் சிப்பி எடுப்பவர்களுக்கும் துறைமுகத்தால் தொழில் போனதற்காகத் தந்தது இழப்பீடு. இழப்பீடு கொடை அல்ல, பட்ட நஷ்டத்துக்கு ஈடு. புயலிலும் விபத்திலும் அரசு அறிவிப்பது கருணைத் தொகை. அதில் உரிமை கிடையாது, தயவு மட்டும். 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 பெட்டிகளோடு கடலில் மூழ்கியது. பிளாஸ்டிக் குருணைகள் கரையெங்கும் ஒதுங்கின. மீன்பிடிக்கப் போக முடியாத குடும்பங்களுக்கு மாநில அரசு 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும் கொடுத்தது. அது நிவாரணம். கப்பல் தரப்பிடமிருந்து 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றத்தில் அதே அரசு வழக்குப் போட்டது. அது இழப்பீடு. ஒரே விபத்து, கொடுக்கும் போது ஒரு சொல், கேட்கும் போது ஒரு சொல். அரசைக் குறை சொல்வதற்கில்லை. வாங்குகிற இடத்தில் இருந்து பார்த்தால்தான் சொல்லின் எடை தெரிகிறது.

மலையும் கொடுத்தது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள அலைதடுப்பு அணைக்குப் போட்ட பாறைகளில் ஒரு பகுதி குமரி, நெல்லை மாவட்டங்களின் குவாரிகளிலிருந்து லாரி லாரியாக எல்லை தாண்டிப் போனது. கனிமவளம் போகிறது என்று தமிழ்நாட்டுப் பக்கத்தில் மறியல்கள் நடந்தன. அந்தக் கணக்கில் ‘கிராண்ட்’ என்ற தலைப்பு எங்கும் இல்லை.

கடைசியில் பணத் தகராறு எப்படி முடிந்தது? 2024 ஜூலை 11 அன்று சான் பெர்னாண்டோ என்ற தாய்க்கப்பல் ஏறத்தாழ 2,000 பெட்டிகளோடு முதல் முறையாக வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வணிக இயக்கம் தொடங்கியது. நவம்பர் 28 அன்றே கேரளமும் அதானி நிறுவனமும் துணை ஒப்பந்தம் செய்திருந்தன. அதன்படி மாநிலத்துக்கு 2034 முதல் வருமானப் பங்கு கிடைக்கும். துறைமுகத்தின் மீதிக் கட்டங்கள் 2028க்குள் முடிய வேண்டும். டெல்லி இறங்கி வரவில்லை. பணத்தை வேண்டாம் என்று சொல்லி, அந்த 817.80 கோடியை மாநிலமே கடன் வாங்கித் தரலாமா என்ற யோசனையும் திருவனந்தபுரத்தில் ஓடியது. 2025 மார்ச்சில் அமைச்சரவை நிபந்தனையை ஏற்றது. ஏப்ரல் 9 அன்று இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒன்று மத்திய அரசு, அதானி நிறுவனம், கடன் கொடுத்த வங்கிகளின் கூட்டமைப்பு ஆகிய மூவருக்கும் இடையே. அதில் பணம் வாங்குவது பற்றி எழுதியிருக்கிறது. மற்றொன்று மத்திய அரசுக்கும் கேரளத்துக்கும் இடையே. அதில் மாநிலத்துக்கு வரும் துறைமுக வருமானத்தில் 20 சதவீதத்தை மத்திய அரசுக்குத் தருவது பற்றி எழுதியிருக்கிறது.

முதல் ஒப்பந்தத்தின் பெயரில் நிதி உதவி என்பது அப்படியே இருக்கிறது. இரண்டாவதற்கு வருமானப் பகிர்வு என்று பெயர். கடன் என்ற சொல்லை இரண்டு தரப்பும் கவனமாகத் தவிர்த்துவிட்டன. முதல் தவணைக்கு இன்னும் நாள் இருக்கிறது. 2034இல் கேரளத்தின் கஜானாவிலிருந்து டெல்லிக்குப் பணம் போகும்போது, அது ‘தருவது’ ஆகுமா, ‘கொடுப்பது’ ஆகுமா என்று மலையாள நாளிதழ்களின் உதவி ஆசிரியர்கள் யோசிக்க வேண்டியிருக்காது. டெல்லி எப்போதும் படர்க்கைதான்.